அட்டையில் இரண்டு தவணை, விரலில் ஊசிக்குத்து: ஒரு செவிலியரின் கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எழுதிவிடுகிறேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறீர்கள், வயது 24. நேற்று மாலை, டூட்டி முடியும் நேரத்தில், இரத்தம் எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. கையுறை இருந்தும் இரத்தம் வந்தது. அந்த நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதியிருக்கிறது. நர்சிங் கல்லூரியில் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டதற்கு அட்டை வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது தவணை விடுமுறையில் விட்டுப்போனது. மேற்பார்வையாளர், "இரண்டு ஊசி போட்டிருக்கிறாயே, ஒன்றும் ஆகாது, ஆறு மாதம் கழித்து ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். இது போதுமா, தொற்று வந்தால் வேலை போகுமா, வளைகுடாவுக்குப் போக முடியாதா, தை மாதம் நிச்சயித்த திருமணத்தைத் தள்ளிவைக்க வேண்டுமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விதான் அவசரம்: அந்த இரண்டு தவணையை நம்பி ஆறு மாதம் காத்திருக்கலாமா? கூடாது. இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். மற்ற மூன்றையும் திரும்பி வந்து படிக்கலாம்.

நான் மருத்துவ நுண்ணுயிரியல் படித்தவன். மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுக்களில் நீண்ட காலம் இருந்திருக்கிறேன். ஊசிக்குத்துப் பட்டவர்கள் படிவத்தோடு வந்து நிற்கும் மேசை என்னுடையது. ஆனாலும் உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். உங்கள் உடல் எடை, கர்ப்பம், முன்பு ஏதாவது ஊசிக்கு ஏற்பட்ட ஒவ்வாமை இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மருத்துவர் மருந்து எழுத வேண்டும்.

இன்று உங்களுக்கு இரண்டு ஊசிகள் தேவை. ஒன்று ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின். இன்னொன்று விட்டுப்போன தடுப்பூசித் தவணை. இம்யூனோகுளோபுலின் என்பது இந்த வைரஸுக்கு எதிராக வேறு மனிதர்களின் உடலில் உருவான எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கிய மருந்து. அது உள்ளே போனவுடன் வேலை செய்யும், சில மாதங்களில் கரைந்துபோகும். தடுப்பூசி உங்கள் உடலையே எதிர்ப்பொருள் செய்ய வைக்கும்; அதற்குச் சில வாரங்கள் ஆகும், ஆனால் அது நிலைக்கும். இரண்டையும் ஒரே நாளில் போடலாம், வெவ்வேறு இடத்தில் போட வேண்டும். இம்யூனோகுளோபுலின் அளவு பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 0.06 மில்லிலிட்டர் என்று கணக்கிடப்படுகிறது. கம்பெனிக்குக் கம்பெனி செறிவு மாறுவதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. ஊசிக்குத்தைப் பொறுத்தவரை 7 நாள் வரை போடலாம் என்பது வழிகாட்டுதல். அதற்குப் பிறகு பயன் உண்டா என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. நேற்று மாலை என்று எழுதியிருக்கிறீர்கள், இன்னும் நேரம் இருக்கிறது.

"முதலில் எதிர்ப்பொருள் அளவைப் பார்ப்போம், குறைவாக இருந்தால் போடலாம்" என்று ஒருவர் சொல்லக்கூடும். மூன்று தவணையும் முடித்து, அளவு மட்டும் தெரியாமல் இருப்பவருக்கு அது சரியான வழி. உங்களுக்குச் சரியல்ல. ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லி அலகு எதிர்ப்பொருள் இருந்தால் பாதுகாப்பு என்ற கணக்கு, முழுத் தவணையும் முடித்தவர்களை வைத்து உருவானது. அரைகுறையாகப் போட்டவரிடம் அந்த எண் வந்தாலும் அதை நம்பி விட்டுவிடுவதில்லை. தவணை முடியாதவர், நோயாளி பாசிட்டிவ் என்றால் இம்யூனோகுளோபுலினும் அடுத்த தவணையும்தான் வழி. பல மருத்துவமனைகளில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. முதலிலிருந்து மறுபடி மூன்று போட வேண்டுமா என்றால், வேண்டாம். இடைவெளி எத்தனை ஆண்டுகளானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அந்த ஊசிகளுக்கு முன் உங்கள் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம்; இருந்தால் தொற்று இப்போது இருக்கிறது), ஆன்டி-ஹெச்.பி.சி. (எப்போதாவது தொற்று வந்திருந்தால் தெரியும் எதிர்ப்பொருள்), ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி நான்கும் பார்க்க வேண்டும். காரணம் இரண்டு. இம்யூனோகுளோபுலினோடு பிறருடைய எதிர்ப்பொருள்கள் உள்ளே வருவதால், பிறகு எடுக்கும் பரிசோதனை குழப்பும். இன்னொன்று சட்டம் சார்ந்தது: ஊசி குத்திய நாளில் உங்களுக்குத் தொற்று இல்லை என்று காட்டும் காகிதம் அது ஒன்றுதான். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். இரத்தம் எடுத்ததும் போட்டுவிடலாம், முடிவு பிறகு வரட்டும்.

நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்துவிட்டதால் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். அவருடைய ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி முடிவுகளையும் கேளுங்கள். ஹெச்.ஐ.வி.க்கான தடுப்பு மாத்திரைக்குக் கெடு இன்னும் குறுகியது: எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் அது கிடைக்கும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, இம்யூனோகுளோபுலினும் இல்லை. ஆனால் வந்தால் மாத்திரையால் குணமாக்கிவிடலாம்.

இம்யூனோகுளோபுலின் விலை சில ஆயிரம் ரூபாய். எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. உங்கள் மருத்துவமனை பிரசவம் பார்க்கும் இடம் என்றால், தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குக் கொடுக்க அது இருப்பில் இருக்கலாம். இல்லாவிட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ கேளுங்கள். பணம் யார் கொடுப்பது என்ற பேச்சு வரும், வரட்டும். இன்று நீங்கள் கொடுத்தாலும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் நடந்த விபத்துக்கான செலவு நிர்வாகத்துடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி, எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதற்கு வருகிறேன். தடுப்பூசி இல்லாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி நோயாளியின் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. நோயாளியின் இரத்தத்தில் 'இ' ஆன்டிஜென் (வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்) இருந்தால், குத்துப்பட்டவர்களில் 37 முதல் 62 சதவீதம் பேரின் இரத்தத்தில் தொற்றின் தடயம் தெரியும், 22 முதல் 31 சதவீதம் பேருக்கு நோயாகவே வெளிப்படும். 'இ' ஆன்டிஜென் இல்லாவிட்டால் தடயம் 23 முதல் 37 சதவீதம், நோய் 1 முதல் 6 சதவீதம். ஹெச்.ஐ.வி.க்கு இதே ஊசிக்குத்தில் சுமார் 0.3 சதவீதம்தான். நம் வார்டுகளில் ஹெச்.ஐ.வி. என்ற பெயருக்கு நடுங்குபவர்கள் ஹெபடைடிஸ் பி-யை 'மஞ்சள் காமாலைதானே' என்று விடுவது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படுகிறது. 'இ' ஆன்டிஜென் பாசிட்டிவான ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 கோடிக்கு மேல் வைரஸ் இருக்கலாம். காய்ந்த இரத்தக் கறையில்கூட, சாதாரண அறை வெப்பத்தில், 7 நாளாவது அது உயிர்ப்போடு இருக்கும். தொற்று கண்ட மருத்துவப் பணியாளர்களை விசாரித்தபோது பெரும்பாலானோருக்கு ஊசி குத்தியதாக நினைவே இல்லை. கையில் இருந்த சிறு கீறல், தோல் வெடிப்பு, துடைக்காமல் விட்ட மேசை இவை போதுமானவையாக இருந்திருக்கின்றன.

அந்தச் சதவீதங்கள் தடுப்பூசி பரவுவதற்கு முந்தைய ஆய்வுகளிலிருந்து வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு அவை அப்படியே பொருந்தாது. 40 வயதுக்கு உட்பட்ட நலமானவர்களில் இரண்டு தவணைக்குப் பிறகு ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது, மூன்றுக்குப் பிறகு பத்தில் ஒன்பது பேருக்கு மேல். ஆகவே உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது முழுப் பொய்யல்ல. பெரும்பாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் அந்த நான்காவது ஆளா என்பதை இன்றைக்குள் நம்பத் தகுந்தபடி சொல்லும் வழி யாரிடமும் இல்லை என்பதால்தான் மருந்து. இன்று இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டால் மிச்சமிருக்கும் ஆபத்து மிகச் சிறியது. பூஜ்யம் என்று மட்டும் எழுத மாட்டேன்.

உங்கள் அட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். மருத்துவமனைகளில் நான் மிக அதிகமாகச் சண்டை போட்ட விஷயம் இது. தடுப்பூசி போட்டதற்கான அட்டை எல்லோரிடமும் இருக்கிறது. அது வேலை செய்ததா என்பதற்கான காகிதம் பத்தில் ஒருவரிடம் இருந்தால் ஆச்சரியம். மூன்றாவது தவணை முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கும் ஆன்டி-ஹெச்.பி.எஸ். என்ற ஒரே ஒரு பரிசோதனை. 10 அல்லது அதற்கு மேல் வந்துவிட்டால், எதிர்ப்பாற்றல் குறைக்கும் நோயோ மருந்தோ இல்லாதவருக்கு வாழ்நாள் முழுவதும் அந்தக் காகிதம் போதும். பிறகு எந்த நோயாளியின் ஊசி குத்தினாலும் ஹெபடைடிஸ் பி-க்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பூஸ்டர் என்று பழைய வழக்கம் ஒன்று இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. நலமாக இருப்பவருக்கு அது தேவையில்லை. ஆண்டுகள் போகப்போக அளவு 10-க்குக் கீழே இறங்கினாலும், ஒருமுறை சரியாகப் பதிந்த உடல் வைரஸைக் கண்டவுடன் வேகமாக எதிர்ப்பொருள் செய்துவிடுகிறது.

இதனால்தான் அந்த ஒன்று இரண்டு மாத இடைவெளி முக்கியம். பத்தாண்டு கழித்து முதல்முறையாகப் பரிசோதித்து 4 என்று வந்தால், அது பதிந்து பிறகு குறைந்ததா, பதியவே இல்லையா என்று சொல்ல முடியாது. அப்போது ஒரு தவணை போட்டு, ஒன்று இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். ஏறிவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஏறாவிட்டால் இன்னும் இரண்டு தவணை, பிறகு மறுபடி பரிசோதனை. ஆறு தவணைக்குப் பிறகும் ஏறாதவர்களைத் தடுப்பூசிக்குப் பதில் தராதவர்கள் என்கிறோம். ஹெபடைடிஸ் பி உள்ள அல்லது நிலை தெரியாத நோயாளியின் ஊசி குத்தும்போதெல்லாம் அவர்களுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை இம்யூனோகுளோபுலின் தேவைப்படும். அவர்களுக்கு இன்னொரு பரிசோதனையும் கட்டாயம்: ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பதில் தராதவர் என்று முத்திரை குத்தப்பட்ட சிலர் ஏற்கெனவே தொற்றோடு இருப்பவர்கள். தாயிடமிருந்து பிறப்பில் வந்திருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தடுப்பூசி ஏன் பதியாமல் போகிறது? வயது 40-ஐத் தாண்டியது, உடல் பருமன், புகைப்பழக்கம், நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை தெரிந்த காரணங்கள். இவற்றை விடத் தவிர்க்கக்கூடிய காரணங்கள் இரண்டு. ஊசியை இடுப்புக்குக் கீழே புட்டத்தில் போடுவது ஒன்று. அங்கே கொழுப்பில் தங்கிவிடும், பலன் குறையும். பெரியவர்களுக்கு மேற்கைத் தசையில்தான் போட வேண்டும். இரண்டாவது, உறைய விடுவது. இது 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்து. வெயிலில் கெட்டுவிடும் என்று பயந்து ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்துக் கொண்டுவருகிறார்கள். அதில் உள்ள அலுமினிய உப்பு உறைந்தால் திரிந்துவிடும், பிறகு போட்டும் பயனில்லை. கொஞ்ச நேர வெப்பத்தைவிட உறைதல்தான் இதற்குப் பெரிய எதிரி. வார்டு பிரிட்ஜின் உறைபெட்டிக்குப் பக்கத்தில் இந்தக் குப்பியைப் பார்த்தால் எடுத்துத் தூரப் போடுங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. இளம் பணியாளர்கள் "குழந்தையிலேயே அரசு ஊசி போட்டிருப்பார்கள்" என்கிறார்கள். இந்தியாவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2002-03-இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, நாடு முழுவதற்கும் 2011-இல்தான் விரிந்தது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் உள்நாட்டுத் தடுப்பூசியைக் கொண்டுவந்த பிறகுதான் விலையே கைக்கெட்டியது. ஆகவே இன்று வார்டில் இருப்பவர்களில் பலருக்குக் குழந்தைப்பருவத் தடுப்பூசி இருந்திருக்க வாய்ப்பில்லை.

தடுப்பூசியால் என்ன மாறியது என்பதற்கு அமெரிக்கக் கணக்கு ஒன்று போதும். அங்கே 1983-இல் சுமார் 17,000 மருத்துவப் பணியாளர்களுக்கு இந்தத் தொற்று வந்தது. 1995-இல் சுமார் 400. இடையில் தடுப்பூசி பரவியது, 1991-இல் அதை நிர்வாகம் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று விதியும் வந்தது. அதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதற்கு எடின்பரோவின் டயாலிசிஸ் பிரிவைச் சொல்வார்கள்: 1969-70-இல் அங்கே பரவிய ஹெபடைடிஸில் நோயாளிகளோடு பணியாளர்கள் நான்கு பேரும் இறந்தார்கள்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் மருத்துவப் பணியாளர்கள், மற்றவர்கள் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதை மருத்துவமனையின் கடமையாக்கியிருக்கின்றன. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் மருத்துவப் பணியாளர் தடுப்பூசி உண்டு. 'மற்றவர்கள்' என்பதில் தூய்மைப் பணியாளர்களும் அடக்கம். நடைமுறையில் மருத்துவருக்கு முதலில், செவிலியருக்கு அடுத்து, ஆய்வகத்தாருக்கு அதன்பின் என்று போய், ஒப்பந்தத்தில் வரும் தூய்மைப் பணியாளரிடம் வரும்போது மருத்துவமனை ஏஜென்சியைக் காட்டும், ஏஜென்சி மருத்துவமனையைக் காட்டும். மஞ்சள் பைக்குள் யாரோ போட்ட ஊசி அவர் தொடையில் குத்தும். எந்த நோயாளியின் ஊசி என்றே தெரியாது. உங்களுக்காவது கேஸ் ஷீட் இருக்கிறது.

மூடி போடுவதைப் பற்றி உங்களை நான் திட்டப் போவதில்லை. படுக்கைக்குப் பக்கத்தில், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பா இல்லாதபோது, திறந்த ஊசியை ட்ரேயில் வைத்து நடப்பதைவிட மூடி போடுவது பாதுகாப்பு என்றுதான் கை நினைக்கும். குற்றம் டப்பா இல்லாததில் இருக்கிறது. குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முக்கால் பாகம் நிறைந்ததும் மாற்ற வேண்டும், இரத்தம் எடுக்கும் ட்ரேயோடு அது நகர வேண்டும். ஊசியை வெட்டும் கருவி வேலை செய்ய வேண்டும். 2009-இல் குஜராத்தின் மோடாசாவில் பலரைக் கொன்ற ஹெபடைடிஸ் பி, ஒருமுறை பயன்படுத்திய ஊசிகளும் சிரிஞ்சுகளும் மறுபடி பயன்பட்டதால் பரவியது. வெட்டாத ஊசி பணியாளருக்கு மட்டும் ஆபத்தில்லை. மூடி போட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், மூடியை மேசையில் வைத்து ஒற்றைக் கையால் ஊசியை அதற்குள் நுழையுங்கள், இன்னொரு கை அருகில் வரக்கூடாது. குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். பிதுக்குவதால் பயன் என்று சான்றில்லை. பிளீச்சிங் கரைசலை ஊற்றுவது தோலைப் புண்ணாக்கும். விரலை வாயில் வைப்பது அறவே கூடாது.

அடுத்த சில மாதங்கள். ஆறாவது மாதத்தில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி-ஹெச்.பி.சி. இரண்டும் பாருங்கள். தடுப்பூசி பதிந்ததா என்ற ஆன்டி-ஹெச்.பி.எஸ். பரிசோதனையையும் அப்போதே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பார்த்தால் இம்யூனோகுளோபுலின் தந்த கடன் எதிர்ப்பொருளைத்தான் பார்ப்பீர்கள். இடையில் விடாத சோர்வு, காய்ச்சல், மூட்டுவலி, சோற்றைக் கண்டாலே குமட்டல், அடர் நிறச் சிறுநீர் என்று வந்தால் காத்திருக்காமல் கல்லீரல் பரிசோதனை எடுங்கள். இந்த வைரஸ் வெளிப்பட இரண்டு மூன்று மாதம் எடுக்கலாம், ஆகவே முதல் வாரத்துக் காய்ச்சலை இதன்மேல் போட வேண்டாம்.

தொற்று வந்தேவிட்டால்? நல்ல செய்தி, இந்த நோயில் வயது உங்கள் பக்கம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு நிரந்தரமாகத் தங்கும். நலமான பெரியவர்களுக்கு வந்தால் சுமார் 95 சதவீதம் பேரின் உடல் தானே விரட்டிவிடும். பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. ஓய்வு, மது அறவே இல்லாமை, இடையிடையே இரத்தப் பரிசோதனை. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகக் கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும். மயக்கம், குழப்பமான பேச்சு, இரத்தம் உறையாமை ஆகியவை அதன் அடையாளம், அது அவசரச் சிகிச்சை. ஆறு மாதத்துக்கு மேலும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவாகவே இருந்தால் நாள்பட்டது என்போம். அப்போது வைரஸ் அளவு, கல்லீரல் என்சைம், கல்லீரல் தழும்பு இவற்றைப் பார்த்து மருந்து தேவையா என்று முடிவு செய்வார்கள். டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், நாளுக்கு ஒரு மாத்திரை. டெனோஃபோவிர் தேசியத் திட்டத்தில் இலவசம். அவை வைரஸை அடக்கும், வேரோடு அகற்றாது. கல்லீரல் செல்லின் கருவுக்குள் அது தன் மூலப்படியை ஒளித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் திடீரென்று சீறும், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் வீட்டில் யாராவது இந்நேரம் கீழாநெல்லி அரைக்கத் தொடங்கியிருப்பார்கள். அந்தக் கதையின் பாதி சென்னையில் நடந்தது என்பதால் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உட்பட மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. செடியின் வகை, விளைந்த மண், நோயாளிகள் தேர்வு என்று பல விளக்கங்கள் உண்டு, எதுவும் முடிவாகவில்லை. ஏளனம் செய்ய வேண்டிய ஆய்வல்ல அது. ஆனால் இன்றைய ஊசிக்கோ நாளைய மாத்திரைக்கோ மாற்றாக அதை நம்ப எந்த அடிப்படையும் இல்லை. காமாலை தானே இறங்கும் 95 பேரில் ஒவ்வொருவரும் தான் குடித்ததற்கு நன்றி சொல்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலை பற்றி. ஹெபடைடிஸ் பி இருப்பதாலேயே ஒரு செவிலியர் ஊசி போடவோ, டிரிப் ஏற்றவோ, பிரஷர் பார்க்கவோ கூடாது என்பதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. கவலை, மார்பையோ வயிற்றையோ திறப்பது போல, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் விரலும் கூர்முனையும் சேர்ந்து வேலை செய்யும் அறுவைகளைப் பற்றியது மட்டுமே. அவற்றுக்கு அமெரிக்காவின் 2012 வழிகாட்டுதல் வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 1,000 அலகுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது, பிரிட்டன் 200 என்கிறது. எந்த எண் சரி என்பதில் நிபுணர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மாத்திரை சாப்பிட்டு அந்த அளவுக்குக் கீழே கொண்டுவந்து அறுவை செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதே போதும்.

ஆகவே வேலைக்குப் பயந்து விபத்தைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள். தேதி, நேரம், எந்த ஊசி, யாருடைய இரத்தம், யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவமனை, ஆய்வக வேலைகளில் பிடிக்கும் தொற்றுநோய்கள் தொழில்சார் நோய்களாகவே இடம்பெற்றிருந்தன. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சட்டத்திலும் இதே போன்ற அட்டவணை இருந்தது. இரண்டு சட்டங்களும் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டன. காகிதம் இல்லாமல் எந்தச் சட்டமும் பேசாது. நான் வழக்கறிஞன் அல்ல. கோரிக்கை வைக்கும் நிலை வந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் போங்கள்.

திருமணத்தைப் பொறுத்தவரை, ஹெபடைடிஸ் பி-க்கான ஊசிக்குத்து மட்டும் காரணம் என்றால் தள்ளிவைக்க வேண்டியதில்லை. கண்காணிப்புக் காலத்தில் தாம்பத்தியத்துக்கோ கர்ப்பத்துக்கோ தடை சொல்வதில்லை, தடுப்பூசியும் கர்ப்பத்தில் பாதுகாப்பானது. இரத்ததானம் மட்டும் கூடாது. நோயாளியின் ஹெச்.ஐ.வி. முடிவு பாசிட்டிவாகவோ தெரியாமலோ இருந்தால் பதில் வேறு: உங்கள் பரிசோதனைகள் முடியும்வரை ஆணுறை தேவை. மாப்பிள்ளையிடம் சொல்வதா என்பது உங்கள் முடிவு. சொல்வதானால், அவரும் மூன்று தவணை போட்டுக்கொள்வது எந்த நிலையிலும் நல்லதுதான்.

வளைகுடா வேலை பற்றிய பதில் கொஞ்சம் கசப்பானது. அந்த நாடுகளின் விசா மருத்துவப் பரிசோதனையில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் வந்தால் தகுதியில்லை என்று எழுதிவிடுகிறார்கள். வைரஸ் எவ்வளவு, மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. மருத்துவ ரீதியாக எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் விதி அவர்களுடையது. உங்களுக்கு அங்கே ஒரு வேறு பொறி இருக்கிறது. தடுப்பூசியில் இருப்பதே ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற புரதம்தான். போட்ட பிறகு சுமார் 18 நாள் வரை அது இரத்தத்தில் தென்பட்டு, தொற்றே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் என்று காட்டலாம். ஆகவே இன்று ஊசி போட்டுக்கொண்டால் அடுத்த ஒரு மாதத்துக்கு விசா மெடிக்கலுக்குத் தேதி வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஏஜென்டிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மெடிக்கலுக்காக ஊசியைத் தள்ளிவைக்க வேண்டாம்.